புல்லை எடுத்தால் மானியம்: லாஸ் வேகஸ் முன்முற்றத்தைப் பாலைவனத் தோட்டமாக மாற்றிய வேலை

லாஸ் வேகஸில் வீட்டு முன்னால் இருக்கும் புல்தரையை எடுத்துவிட்டுப் பாலைவனச் செடி வைக்க நினைக்கிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இது: மண்வெட்டியை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் விண்ணப்பம் போடுங்கள். தெற்கு நெவாடா நீர் ஆணையம் உங்கள் புல்லைப் பார்த்து, அளந்து, அனுமதி கொடுத்த பிறகுதான் ஒரு பிடி புல்லைக்கூட எடுக்க வேண்டும். அதற்கு முன்பே எடுத்துவிட்டால் மானியம் கிடைக்காது. தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒருவர் ஆர்வத்தில் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, பிறகு விண்ணப்பம் போடப் போனார். அவருக்குக் கிடைத்தது தண்ணீர்ச் செலவு குறைந்தது மட்டும்தான்.

நான் விண்ணப்பித்தது 2022 வசந்த காலத்தில். அப்போது முதல் 10,000 சதுர அடி வரை சதுர அடிக்கு 3 டாலர், அதற்கு மேல் ஒன்றரை டாலர் என்று கணக்கு. எங்கள் முன்முற்றத்தில் புல் 820 சதுர அடி. ஆகவே 2,460 டாலர். பின்னாளில் வீடுகளுக்கு இதை 5 டாலராக உயர்த்தினார்கள். தொகை அவ்வப்போது மாறும் என்பதால் நீங்கள் விண்ணப்பிக்கிற அன்று என்ன விகிதம் என்று ஆணையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசாங்கம் எதற்காக என் வீட்டுப் புல்லுக்குப் பணம் கொடுக்கிறது என்று ஆரம்பத்தில் எனக்கும் விளங்கவில்லை. இந்த ஊரின் தண்ணீர்க் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு விளங்கியது. இங்கே ஆண்டு மழை சுமார் 4 அங்குலம். குடிநீரில் 90 சதவிகிதம் கொலராடோ ஆற்றிலிருந்து, மீட் ஏரி வழியாக வருகிறது. அந்த ஆற்றில் எங்கள் மாநிலமான நெவாடாவின் பங்கு ஆண்டுக்கு 3 லட்சம் ஏக்கர் அடி (ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஒரு ஏக்கர் அடி). கலிஃபோர்னியாவின் பங்கோ 44 லட்சம். 1928-இல் பிரித்த பங்கு. அப்போது லாஸ் வேகஸ் ஒரு சிற்றூர். இன்றைக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதே பங்கில் குடித்தனம் நடத்துகிறார்கள்.

இதற்கு ஒரு சமாளிப்பு உண்டு. வீட்டுக்குள் குளிக்கும் தண்ணீர், பாத்திரம் கழுவும் தண்ணீர், கழிப்பறைத் தண்ணீர் எல்லாம் சாக்கடை வழியே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், லாஸ் வேகஸ் வாஷ் என்ற ஓடை வழியே திரும்ப மீட் ஏரிக்கே போகிறது. ஏரிக்குத் திரும்பும் ஒவ்வொரு கேலனுக்கும் பதிலாக இன்னொரு கேலன் எடுத்துக்கொள்ளலாம். ஆக, வீட்டுக்குள் செலவாகும் தண்ணீர் கிட்டத்தட்ட முழுவதும் வரவில் சேர்ந்துவிடுகிறது. திரும்பி வராதது வெளியே ஊற்றும் தண்ணீர்தான். புல்லில் விட்டது வெயிலில் ஆவியாகிப் போனால் போனதுதான். ஒரு சதுர அடிப் புல்லுக்கு ஆண்டுக்கு 73 கேலன் வேண்டும். அதே இடத்தில் பாலைவனத் தோட்டத்துக்கு 18 கேலன் போதும் என்பது ஆணையத்தின் கணக்கு. மிச்சம் 55 கேலன். எங்கள் முற்றத்துக்கு ஆண்டுக்கு 45,000 கேலன், அதாவது சுமார் 1,70,000 லிட்டர். நான் ராமநாதபுரம் பக்கத்துக்காரன். கோடையில் ஒரு குடம் தண்ணீருக்கு வரிசையில் நின்று வளர்ந்தவனுக்கு அந்த எண்ணைப் பார்த்த பிறகு புல்லைப் பார்க்கவே மனசு வரவில்லை.

மானியம் 1999-இலிருந்தே இருக்கிறது. இதுவரை 20 கோடி சதுர அடிக்கும் மேல் புல் இதன் மூலம் போயிருக்கிறது. கூடவே தடைகளும் வந்தன. 2003 வறட்சியை ஒட்டி, புதிதாகக் கட்டும் வீடுகளின் முன்புறத்தில் புல் வைக்க உள்ளாட்சிகள் தடை போட்டன. எங்கள் வீடு அதற்கு முந்தையது, அதனால்தான் புல் இருந்தது. 2021-இல் நெவாடா சட்டமன்றம் ஏ.பி. 356 என்ற சட்டத்தை நிறைவேற்றியது. யாரும் உட்காராத, விளையாடாத, வெறும் அலங்காரப் புல்லுக்கு 2027 தொடக்கத்திலிருந்து கொலராடோ ஆற்றுத் தண்ணீரை விடக்கூடாது. சாலை நடுத்திட்டு, அலுவலக வளாகம், குடியிருப்புச் சங்கங்களின் பொது இடம் எல்லாம் இதில் அடங்கும். தனி வீடுகளை இந்தச் சட்டம் தொடவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு மானியம்தான். எனக்கு இந்த ஏற்பாடு நியாயமாகவே படுகிறது. யாரும் மிதிக்காத புல்லுக்குத் தடை, குழந்தை விளையாடும் வீட்டுப் புல்லை எடுக்க ஊக்கத்தொகை.

அடுத்தது குடியிருப்போர் சங்கம். முன்முற்றத்தில் என்ன செய்தாலும் அவர்களின் கட்டடக் குழுவிடம் வரைபடம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். முதல் முறை என் திட்டத்தைத் திருப்பி அனுப்பினார்கள். நான் குறித்திருந்த குளோப்மாலோ செடி களை மாதிரி தெரிகிறதாம், கல் நிறம் தெருவோடு ஒட்டவில்லையாம். இந்த இடத்தில் பலர் சோர்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டாம். நெவாடா மாநிலச் சட்டத் தொகுப்பில் 116.330 என்ற பிரிவைப் படியுங்கள். வறட்சி தாங்கும் தோட்டம் வைப்பதை எந்தச் சங்கமும் தடுக்கக்கூடாது என்று அது சொல்கிறது. அதே பிரிவு நம்மிடமும் இரண்டு விஷயம் கேட்கிறது: வேலைக்கு முன்பே விவரமான திட்டத்தைக் கொடுக்க வேண்டும், முடிந்தவரை குடியிருப்பின் பாணியோடு பொருந்த வேண்டும். நான் மறுமுறை கொடுத்தபோது பிரிவு எண்ணை மரியாதையாக ஒரு வரியில் குறிப்பிட்டு, ஒவ்வொரு செடியும் பூத்திருக்கும் படத்தையும் கல் மாதிரியின் படத்தையும் இணைத்தேன். கல் நிறத்தை மட்டும் மாற்றச் சொன்னார்கள். மாற்றிக்கொண்டேன். குளோப்மாலோ தப்பித்தது. நம்மூர்த் துத்தியின் குடும்பம் அது. ஆரஞ்சு நிறத்தில் பூக்கும்.

அப்புறம் செடித் தேர்வு. மானியத்தின் முக்கியமான நிபந்தனை, செடிகள் முழுதாக வளர்ந்த பிறகு மாற்றிய பரப்பில் குறைந்தது பாதியாவது இலை நிழல் மூடியிருக்க வேண்டும் என்பது. எங்களுக்கு 410 சதுர அடி. வெறும் கல்லைக் கொட்டிவிட்டுப் பணம் வாங்க முடியாது. கணக்கு எளிது. செடி முழு வளர்ச்சியில் எத்தனை அடி அகலம் விரியும் என்று பார்த்து வட்டத்தின் பரப்பைக் கண்டுபிடித்தால் போதும். 20 அடி விரியும் ஒரு டெசர்ட் வில்லோ மரம் 314 சதுர அடி. 6 அடி விரியும் ஒரு கிரியோசோட் புதர் 28. நான்கு அடி பிரிட்டில்புஷ் புதர் நான்கு வைத்தால் 50. மூன்று அடி குளோப்மாலோ ஐந்து வைத்தால் 35. மொத்தம் 427. ஒரே ஒரு மரம் முக்கால் பங்குக் கணக்கை முடித்துவிடுகிறது பாருங்கள். நிழலும் தருகிறது. அதனால் மரத்தை முதலில் முடிவு செய்யுங்கள், புதர்களை மிச்சத்துக்கு வையுங்கள்.

அங்கீகரித்த பட்டியலில் அரளி உண்டு, மயில் கொன்றை உண்டு. இரண்டும் இங்கே சொந்தச் செடி அல்ல. மண்ணின் செடிதான் வைக்க வேண்டும் என்று மானியம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனாலும் நான் மொஹாவி பாலைவனத்தின் சொந்தச் செடிகளையே எடுத்தேன். இந்த மண்ணின் உப்பும் சுண்ணாம்பும் அவற்றுக்குப் பழக்கம். உள்ளூர்த் தேனீக்களுக்கும் தேன்சிட்டை ஒத்த ஹம்மிங்பேர்டுக்கும் அவற்றின் பூ தெரியும்.

நாற்றுப் பண்ணையில் மெஸ்கீட் மரக்கன்று வரிசையாக இருந்தது. கிட்டப் போய் இலையைப் பார்த்தவுடன் ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் கண்மாயெல்லாம் அடைத்துக்கொண்டு நிற்கும் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம்மூருக்கு வந்து, உயர்நீதிமன்றம் வரை போய் வெட்டச் சொல்லி உத்தரவு வாங்கிய இனம். இங்கேயோ தேன் மெஸ்கீட் சொந்தப் பிள்ளை. பூச்சி, பறவை, முயல் எல்லாம் அதை நம்பி இருக்கின்றன. இந்த மண்ணின் பழங்குடிகள் அதன் நெற்றை மாவாக இடித்து உண்டிருக்கிறார்கள். எந்தச் செடியும் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும் என்பதை அங்கே நின்றபோது முழுசாக ஒப்புக்கொண்டேன். முள்ளும் அகலமும் சின்ன முற்றத்துக்குச் சரிவராது என்பதால் அதை எடுக்கவில்லை. டெசர்ட் வில்லோவுக்கு முள் இல்லை. நம்மூர் மரமல்லியின் குடும்பம், இளஞ்சிவப்பில் குழல் மாதிரி பூக்கும், குளிர்காலத்தில் இலை உதிர்த்துவிடும். தெற்குப் பார்த்த ஜன்னலுக்கு இது வசதி: கோடையில் நிழல், குளிர்காலத்தில் வெயில்.

இனிமேல்தான் உடம்பு வேலை. எங்கள் புல்தரையில் இருந்தது பெர்முடா புல். நம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்லேதான். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துகிறவர்கள் ஒரு முறை அதை வேரோடு எடுத்துப் பார்க்க வேண்டும். மேலே ஓடும் தண்டு ஒரு வலை, மண்ணுக்குள் ஓடும் வெள்ளைத் தண்டு இன்னொரு வலை. விரல் நீளத் துண்டு ஒன்று மண்ணில் தங்கினாலும் அது முளைத்துவிடும். புல்வெட்டும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து மேல் தோலை உரித்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கொத்தாக வளரும் ஃபெஸ்க்யூ புல்லுக்கு அது சரி. அருகுக்குப் போதாது. களைக்கொல்லி அடித்தாலும் புல் பச்சையாக வளர்ந்துகொண்டிருக்கும்போது அடித்தால்தான் மருந்து வேர் வரை இறங்கும். காய்ந்து கிடக்கும்போது அடித்துப் பயனில்லை. வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பதால் நாங்கள் மருந்துப் பக்கம் போகவில்லை.

வேகஸ் வெயிலையே ஆயுதமாக எடுத்துக்கொண்டோம். அனுமதி வந்ததும் புல்லை ஒட்ட வெட்டி, ஒரு அடி ஆழம் நனையும் வரை தண்ணீர் விட்டு, மேலே கண்ணாடி போன்ற தெளிவான பிளாஸ்டிக் தாளை விரித்தோம். கறுப்புத் தாள் வேண்டாம். அது வெயிலைத் தன் மேலேயே வாங்கிக்கொள்ளும். தெளிவான தாள் வெயிலை உள்ளே விட்டுச் சூட்டை வெளியே விடாது. ஓரங்களைச் சுற்றிலும் மண்ணில் புதைத்து மூட வேண்டும், காற்று புகுந்தால் சூடு போய்விடும். ஜூன் நடுவில் மூடி ஆகஸ்ட் வரை அப்படியே விட்டோம். வெளியே 43 டிகிரி, 44 டிகிரி என்று அடித்தது. தாளை எடுத்தபோது மேல் வலை மொறமொறவென்று உடைந்தது. ஆனால் ஆழத்தில் இருந்த தண்டுகளில் சில இன்னும் வெள்ளையாக, ஒடித்தால் ஈரமாக இருந்தன. தோட்ட முள்கரண்டியால் கிளறி அவற்றைக் கையால் பொறுக்கினோம். என் மனைவி பொறுக்கியதை எல்லாம் வாளியில் போட்டுத் தனியாகக் குப்பைக்கு அனுப்பினார். உரக்குழியில் போட்டால் அங்கேயும் முளைக்கும். நடைபாதை ஓரத்தில் சிமெண்டுக்கு அடியில் போயிருந்த தண்டுகள்தான் கடைசி வரை தொல்லை கொடுத்தன.

குழி தோண்டும் முன் 811-ஐ அழைத்து மின்சார, எரிவாயு, கேபிள் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று குறி போடச் சொல்லுங்கள். இலவசம். சட்டப்படியும் கட்டாயம். வந்து வண்ணப் பூச்சால் கோடு போட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் மரக் குழிக்கு நான் முதலில் குறித்த இடத்தின் பக்கத்திலேயே மஞ்சள் கோடு, எரிவாயு. இடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டோம்.

நடவு அக்டோபரில். வெயில் இறங்கியிருக்கும், மண் இன்னும் சூடாக இருக்கும். குளிர்காலம் முழுக்க வேர் பிடிக்கலாம். கடப்பாறையை இறக்கினால் ஒரு அடி ஆழத்தில் 'ணங்' என்று நின்றது. சுண்ணாம்பு இறுகிய வெள்ளைப் படிவம். இங்கே காலிச்சி என்பார்கள். நம்மூர்க் கிணறு வெட்டுகிறவர்கள் சுக்கான் பாறை என்பார்களே, அந்த இனம். கான்கிரீட் மாதிரியே இருக்கும். புதர்ச் செடிக்கு அதன் மேல் இருந்த மண் போதுமானதாக இருந்தது. மரத்துக்குப் போதாது. ஒரு சோதனை செய்யுங்கள்: குழியில் தண்ணீரை நிரப்பி மறுநாள் பாருங்கள். எங்கள் குழியில் மறுநாள் காலையிலும் தண்ணீர் அப்படியே நின்றது. அதில் மரம் வைத்தால் பாலைவன மரம் தண்ணீரில் அழுகிச் சாகும். மின் உடைப்பு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, குழியின் அடியில் குறுகலாக ஒரு துளையைப் படிவத்தைத் தாண்டி மண் தட்டுப்படும் வரை இறக்கினோம். மேலே உடைந்து வந்த துண்டுகளில் விளிம்பு கத்தி மாதிரி, உள்ளே சின்னக் கூழாங்கற்கள் பதிந்து கிடந்தன. மறுபடி நிரப்பிய தண்ணீர் மதியத்துக்குள் இறங்கிப்போனது. அதற்குப் பிறகுதான் மரம். குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் வேர்ப் பந்தின் உயரத்தைத் தாண்ட வேண்டாம். எருவும் கலக்கவில்லை, தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டோம். கொழுத்த மண்ணைக் குழிக்குள் மட்டும் வைத்தால் வேர் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டு வெளியே போக மறுக்கும்.

சொட்டுநீர் வேலையை நானே செய்தேன். மாற்றிய பரப்பில் தெளிப்பான் எதுவும் இருக்கக்கூடாது. சொட்டுநீரில் வடிகட்டியும் அழுத்தக் குறைப்பானும் கட்டாயம் என்பது நிபந்தனை. இது ஏதோ அதிகாரிகள் திணித்த விதி என்று நினைக்க வேண்டாம். தோட்டக் குழாயில் மானி வைத்துப் பார்த்தபோது எங்கள் வீட்டு அழுத்தம் 75 பி.எஸ்.ஐ. எங்கள் சொட்டுவான்களுக்கு ஏற்றது சுமார் 30தான். குறைப்பான் இல்லாவிட்டால் கால் அங்குலக் குழாய்கள் பிடுங்கிக்கொண்டு கல்லுக்கு அடியில் ஒழுகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. தண்ணீரோடு சின்னத் துகள்களும் வரும். வடிகட்டி இல்லாவிட்டால் சொட்டுவான் அடைத்துக்கொள்ளும். நிபந்தனைத் தாளை நான் பலமுறை படித்தேன். அதில் இருந்த ஒவ்வொரு வரியும் செடி பிழைப்பதற்கான வேலைக் குறிப்பாகவே இருந்தது.

பழைய புல்லுக்கு இரண்டு வால்வு இருந்தது வசதியாகப் போயிற்று. ஒன்றை மரத்துக்கு, ஒன்றைப் புதர்களுக்கு ஒதுக்கினேன். மரத்துக்கு நீண்ட நேரம், நாள் இடைவெளி விட்டு. புதருக்குக் குறைந்த நேரம். இரண்டையும் ஒரே வால்வில் கட்டினால் ஏதாவது ஒன்று காயும், அல்லது மற்றது அழுகும். புதருக்கு மணிக்கு ஒரு கேலன் விடும் சொட்டுவான் இரண்டு, மரத்துக்கு இரண்டு கேலன் விடுவது ஆறு. மரத்தின் சொட்டுவான்களைத் தண்டை ஒட்டி வைக்காமல் வேர்ப் பந்தின் விளிம்பைச் சுற்றி வளையமாக வைக்க வேண்டும். முனை மூடிகளைப் போடும் முன் குழாயில் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவிவிடுங்கள். தண்ணீர் எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்க்க நீளமான ஒரு திருப்புளி போதும். ஈரமான மண்ணில் அது வழுக்கிக்கொண்டு இறங்கும், காய்ந்த இடத்தில் நின்றுவிடும்.

மேலே இரண்டு அங்குலம் மூடாக்கு போட வேண்டும். 820 சதுர அடிக்கு ஐந்து கன கெஜம் கல் வாங்கினோம். ஒரு கன கெஜம் இரண்டு அங்குல கனத்தில் சுமார் 160 சதுர அடியை மூடும். அடியில் பிளாஸ்டிக் விரிக்கக்கூடாது, காற்றும் தண்ணீரும் புகும் துணி மட்டும் அனுமதி. நாங்கள் துணியும் போடவில்லை. போட்டால் நாளடைவில் அதன் மேலேயே தூசி சேர்ந்து களை முளைக்கும். செயற்கைப் புல்லுக்கும் மானியத்தில் இடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜூலை மதியத்தில் அதன் மேல் வெறுங்காலை வைக்க முடியாது. வீட்டுச் சுவரையும் சேர்த்துச் சூடாக்குகிறது. தண்ணீர் மிச்சமாகும், நிழலும் பூவும் தேனீயும் வராது.

முடிந்ததும் ஆணையத்துக்குச் சொன்னோம். பெண் ஆய்வாளர் ஒருவர் வந்து செடிகளை எண்ணினார், வால்வுப் பெட்டியைத் திறந்து வடிகட்டியைப் பார்த்தார், ஒழுகல் இருக்கிறதா என்று ஓடவிட்டுப் பார்த்தார். கிரியோசோட்டின் இலையைக் கசக்கி முகர்ந்து, "மழை பெய்தால் ஊரே இந்த வாசம்தான்" என்றார். மானியம் வாங்கினால் அந்த இடத்தில் மறுபடி புல் வைக்கக் கூடாது என்று உடன்பட வேண்டும். வீடு கைமாறினாலும் அது தொடரும். விற்கும் எண்ணம் இருப்பவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காசோலை தபாலில் வந்தது. உழைப்பு எங்களுடையது என்பதால் கல், செடி, குழாய், இயந்திர வாடகை எல்லாம் மானியத்துக்குள் அடங்கின. ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தால் கையிலிருந்து நிறையப் போட வேண்டியிருக்கும்.

இப்போது பராமரிப்பு என்றால் முக்கியமாகக் கடிகாரம்தான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாரத்தில் ஒரு நாள், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மூன்று நாள், மே முதல் ஆகஸ்ட் வரை ஞாயிறு தவிர எந்த நாளும் நீர் விடலாம் என்பது ஊர் விதி. ஞாயிறு ஆண்டு முழுக்க விடுமுறை. கோடையில் அனுமதி இருக்கிறது என்பதற்காகத் தினமும் விட வேண்டியதில்லை. எங்கள் புதர்கள் மூன்று நாளோடு நன்றாக இருக்கின்றன. 2023 தொடக்கத்திலிருந்து லாஸ் வேகஸ் பள்ளத்தாக்கு நீர் மாவட்டம், பருவ வரம்பைத் தாண்டினால் ஒவ்வொரு 1,000 கேலனுக்கும் 9 டாலர் கூடுதலாக வாங்குகிறது. புல் இருந்திருந்தால் அந்த வரம்பைப் பற்றிய கவலையும் இருந்திருக்கும்.

பக்கத்து வீட்டுப் பெர்முடா வேலிக்கு அடியில் இன்னும் எட்டிப் பார்க்கிறது. அந்த ஓரத்தில் கல்லை விலக்கிவிட்டு, ஓர் அடி ஆழத்துக்குத் தகடு புதைத்திருக்கிறேன். தாண்டி வருவதை மாதம் ஒரு முறை பிடுங்குகிறோம். டெசர்ட் வில்லோ இரண்டாவது கோடையில் கூரை விளிம்பை எட்டிவிட்டது. கிளை விரிய விரிய வேரும் வெளியே போகும் என்பதால், வருகிற மார்ச்சில் அதன் சொட்டுவான் வளையத்தை இரண்டு அடி வெளியே நகர்த்தி, இன்னும் இரண்டு சொட்டுவான் சேர்க்க வேண்டும்.